வாழ்த்துரையும் வீட்டுமனையும்

1960களின் தொடக்கத்தில் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து முடித்து வெளியே வந்தவனுக்கு இருந்த வழிகளை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஆகலாம். சாரத்தில் ஏறி நின்று சினிமா பேனர் எழுதலாம். விளம்பரக் கம்பெனியில் சோப்பு டப்பாவுக்கு எழுத்து வரையலாம். அதிர்ஷ்டம் இருந்தால் நெசவாளர் சேவை மையத்தில் புடவைக் கரைக்கு டிசைன் போடும் அரசாங்க வேலை கிடைக்கும். படம் வரைவதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிக்கொள்ள வேண்டியதுதான். கல்யாணம் ஆன பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.

கல்லூரியின் அன்றைய முதல்வர் கே.சி.எஸ். பணிக்கருக்கு இது நன்றாகத் தெரியும். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தகப்பனார் போனதும் படிப்பை நிறுத்திவிட்டு, படம் வரைந்துகொண்டிருந்த கையால் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு 25 வயது. தன் வகுப்பில் பிரமாதமாக வரைந்த பிள்ளைகள், படிப்பு முடிந்து இரண்டு வருடத்தில் தூரிகையைத் தொடாதவர்களாகிப் போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அவர் கண்ட பதில்தான் 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரை மணலில் எழுந்த சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

பெயர் பெற்ற ஒரு கலைஞர் வளரும் கலைஞர்களைக் கைதூக்கிவிடுவது நல்ல காரியம் என்பதில் யாருக்கும் மாறுபாடு இருக்காது. எதைக் கொடுத்துத் தூக்கிவிடுகிறார், அது எத்தனை நாள் தாங்குகிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்ற கேள்விகளைத்தான் நாம் கேட்பதில்லை. அறுபது ஆண்டு கண்டுவிட்ட சோழமண்டலம் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கத் தோதான இடம். வெற்றியும் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது, அந்த வெற்றியால் வந்த அடைப்பும் தெரிகிறது.

அதற்கு முன்னால் நம் வழக்கத்தைப் பார்த்துவிடலாம். தமிழில் மூத்தவர் இளையவருக்குச் செய்யும் உதவி பெரும்பாலும் சொல்லாகத்தான் இருக்கும். புத்தகமென்றால் அணிந்துரை, கண்காட்சியென்றால் குத்துவிளக்கு, மேடையென்றால் பொன்னாடை. இந்தச் சொற்களுக்கென்றே ஒரு இலக்கணம் உண்டு. 'நம்பிக்கை தரும் புதிய குரல்' என்று தொடங்கி, எழுதுபவரின் சொந்த இளமைக் காலத்துக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் உலாவிவிட்டு, 'இவர் இன்னும் பல படைப்புகளைத் தர வேண்டும்' என்று முடியும். நானும் ஒரு முறை ஒருவருக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருடங்கள் கழித்துப் படித்தபோது, அவர் பெயரை எடுத்துவிட்டு வேறு எவர் பெயரைப் போட்டாலும் பொருந்தும்போல் இருந்தது. அதை எழுதியதால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. அந்த அணிந்துரையின் குறையும் அதுதான் என்று இப்போது படுகிறது.

சொல் எப்போதும் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. சுஜாதா ஒரு மேடையில் நா. முத்துக்குமாரின் 'தூர்' கவிதையை வாசித்துக் காட்டினார். அந்த ஒரு வாசிப்பு அந்த இளைஞரை ஊருக்கே காட்டிக்கொடுத்தது. சுஜாதா அங்கே வாழ்த்தவில்லை, கவிதையையே முன்னால் வைத்தார். சி.சு. செல்லப்பா இன்னும் ஒரு படி மேலே போனவர். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிப் புதுக்கவிதைக்காரர்களுக்குப் பக்கம் கொடுத்தார். அவர்களைத் திரட்டி 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பையும் போட்டார். புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக விற்கப் போனார். சொல்லோடு கைக்காசையும் உடம்பையும் சேர்த்துக் கொடுத்தவர் என்பதால்தான் அவர் பெயரை இன்றும் மரியாதையோடு சொல்கிறோம். ஆனால் செல்லப்பா சுமந்த மூட்டையை அவருக்குப் பிறகு சுமக்க ஆள் இல்லை. அந்த ஏற்பாடு ஒருவருடைய தோள்பட்டையை நம்பி இருந்தது.

பணிக்கரும் சொல்லில்தான் ஆரம்பித்தார். 1944இல் நண்பர்களோடு சேர்ந்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். பம்பாயில் சூசாவும் ஹுசேனும் ராசாவும் சேர்ந்த குழு பிறந்தது 1947இல்தான். சென்னைக்காரர்கள் மூன்று வருடம் முந்தியவர்கள் என்பதைப் பம்பாய்க்காரர்கள் சொல்ல மாட்டார்கள், நாமாவது சொல்லிக்கொள்வோம். சங்கம் கண்காட்சிகள் நடத்தியது. பிறகு 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற இதழையும் கொண்டுவந்தது. கண்காட்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள், பாராட்டினார்கள், படம் வாங்காமல் போனார்கள். இருபது வருடம் இந்தப் பாராட்டைப் பார்த்த பிறகுதான் பணிக்கர் பணத்தின் பக்கம் திரும்பினார்.

1960களின் முற்பாதியில் உருவான ஓவியர் கைவினைச் சங்கத்தின் யோசனை மிக எளிமையானது. படம் விற்காவிட்டால் போகட்டும், விற்கக்கூடிய ஒன்றைச் செய்வோம். பகலில் சில மணி நேரம் பாத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை, மண்பாண்டம். மீதி நேரம் ஓவியம். கைவினைப் பொருள் விற்ற காசில் ஒரு பகுதி பொதுவுக்கு, மீதி செய்தவருக்கு. மெழுகும் சாயமும் கொண்டு செய்த பாத்திக் துணிகளைச் சென்னையின் வசதியான வீடுகளும் வெளிநாட்டுக்காரர்களும் ஆவலாக வாங்கினார்கள். ஓவியம் தராத காசைத் துணி தந்தது. அந்தக் காசில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் பத்து ஏக்கருக்கு மிகாத ஒரு மணல்வெளியை வாங்கினார்கள். முப்பது நாற்பது பேர் சேர்ந்தார்கள். ஐரோப்பியர் வாயில் 'கோரமண்டல்' ஆகிப்போன பழைய பெயரை மீட்டு ஊருக்கு வைத்தார்கள். மின்சாரம் இல்லை. ஓலைக் கொட்டகை, சவுக்கு மரம், உப்புக்காற்று. பணிக்கர் ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் நான் பெரிதாக மதிக்கிற விஷயம் ஒன்று உண்டு. மனைகள் ஓவியர்களின் பெயரில் இருந்தன. பட்டறையும் காட்சிக்கூடமும் பொதுவில் இருந்தன. தன் உழைப்பில் வாங்கிய மனையில் தன் வீட்டைத் தானே கட்டிக்கொண்டவன், காலையில் எழுந்ததும் பணிக்கருக்கு வணக்கம் வைக்க வேண்டிய கட்டாயத்தில் இல்லை. ராஜா கொடுத்த மானியமோ ஜமீன்தார் விட்ட இனாமோ என்றால் கொடுத்தவர் முகம் கோணாமல் இருக்க வேண்டியிருக்கும். இங்கே கொடுத்தவர் என்று எவரும் இல்லை. சம்பாதிக்க ஒரு வழியைக் காட்டி, எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து, பத்திரப் பதிவு வரைக்கும் கூட நின்றார் ஒரு வாத்தியார். கலைஞர்களுக்குப் பெரியவர்கள் செய்த உதவிகளில் இப்படிச் சொத்தாக மாறியவை நம் நாட்டில் மிகக் குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணிக்கர் தன்னைப்போல் வரையச் சொல்லவில்லை. அவருக்கு முன் 1929 முதல் 1957 வரை கல்லூரியை நடத்திய தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஒரு மாமலை. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த கை அது. பணிக்கரே அவருடைய மாணவர்தான். மலையின் நிழலில் வளர்ந்தவருக்கு நிழலின் குளிர்ச்சியும் தெரியும், அங்கே சில செடி வளராது என்பதும் தெரியும். 1963 வாக்கில், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, அதுவரை பேர் வாங்கிக்கொடுத்த பாணியை விட்டுவிட்டு எழுத்துகளும் கட்டங்களும் ஜாதகக் குறிகளும் நிரம்பிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். மாணவர்கள் தங்கள் வேர்களைத் தேடிக்கொண்டிருந்த அதே சமயத்தில் வாத்தியாரும் தேடினார். யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

விளைந்தவற்றை அடுக்கிப் பார்த்தாலே இது தெரியும். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டி, கோயில் கவசம் செய்கிற வித்தையைத் தற்காலச் சிற்பத்துக்குக் கொண்டுவந்தார். சுல்தான் அலி பழங்குடி வடிவங்களின் பக்கம் போனார். ஹரிதாசன் தாந்திரிக வடிவியலுக்குள் இறங்கினார். எஸ்.ஜி. வாசுதேவின் மரங்கள் வேறு உலகம். வேலு விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் 1960களின் கடைசியில் பாரிசுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஒரே அச்சில் வார்த்த பாணி என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. எல்லோரிடமும் கோடு ஓங்கி நிற்கிறது, நம் மண்ணின் உருவங்கள் மீது ஒரு பற்று இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பற்றே பிறகு வந்தவர்களில் சிலரிடம் வாய்ப்பாடாகி, பிள்ளையாரையும் கோலத்தையும் போட்டால் போதும் என்றானதும் உண்மை. அதற்குப் பணிக்கரைப் பொறுப்பாக்குவது நியாயமாகப் படவில்லை.

கே. ராமானுஜத்தின் கதையை மட்டும் வேகமாகக் கடந்து போக முடியவில்லை.

ராமானுஜம் மனச்சிதைவு நோயோடு வாழ்ந்தவர். உலகத்தோடு ஒட்டாத பையன். வேறு எந்த வாத்தியாரும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார். பணிக்கர் அந்தக் கையில் என்ன இருக்கிறதென்று பார்த்தார், சேர்த்துக்கொண்டார், பிறகு சோழமண்டலத்திலும் இடம் கொடுத்தார். மயிரிழைப் பேனாக் கோடுகளால் ராமானுஜம் கட்டியெழுப்பிய மாளிகைகள், பறக்கும் பிராணிகள், தோரணங்கள், அவற்றின் நடுவே தொப்பி வைத்த ஒரு சின்ன மனிதராக அவரே. அந்தப் படங்களுக்கு முன்னும் பின்னும் நம் ஓவியத்தில் ஒப்பு இல்லை. சென்னை கன்னிமாரா ஓட்டலுக்குப் பெரிய சுவரோவியம் செய்தார். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இன்று ஏலங்களில் அவர் படங்கள் லட்சங்களில் போகின்றன.

இதை வைத்துப் பணிக்கரைக் குறை சொல்பவர்கள் உண்டு, புனிதராக்குபவர்களும் உண்டு. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. அவர் இல்லையென்றால் ராமானுஜம் என்ற ஓவியரே நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். அதே சமயம், கண்டுபிடிப்பதும் கூரை கொடுப்பதும் ஒரு மனிதனைக் காப்பாற்றிவிடாது. சோழமண்டலம் ஓவியர்களின் ஊர். பக்கத்து வீட்டில் ஒருவன் தனிமையில் கரைந்துகொண்டிருந்தால் என்ன செய்வதென்று அந்த ஊருக்கும் தெரிந்திருக்கவில்லை. திறமையைப் பார்க்கும் கண் ஒன்று, ஆளைப் பார்க்கும் கண் வேறு. முதல் கண் கூர்மையாக இருப்பவர்களை நாம் கொண்டாடும்போது இரண்டாவதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

கைவினை விஷயத்தில் என் மனத்தாங்கல் வேறு வகை. சோழமண்டலத்தைக் கட்டியது பாத்திக் துணி. ஆனால் சோழமண்டலத்தின் வரலாறாக இன்று சொல்லப்படுவது ஓவியமும் சிற்பமும்தான். எந்தத் துணியை யார் செய்தார், எந்த வேலைப்பாடு யாருடைய கண்டுபிடிப்பு என்று கேட்டால் பதில் சுலபமாகக் கிடைப்பதில்லை. கைவினை சோறு போட்டது, ஓவியம் பேர் வாங்கியது. அடுப்படியில் வெந்தவளை விட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர்களை மட்டும் படம் எடுத்த கல்யாண ஆல்பம்போல் இது இருக்கிறது. அத்தோடு, அவர்கள் எடுத்துக்கொண்ட பாத்திக் நம் ஊர்க் கைவினையும் இல்லை. பரம்பரையாக வார்ப்பும் சாயமும் செய்துவந்த தமிழ்நாட்டுக் கம்மியர்களும் சாயக்காரர்களும் இந்தக் கிராமத்துக்குள் கலைஞர்களாக வந்து மனை வாங்கவில்லை. ஓவியர்கள் கைவினைஞர்களாக மாறலாம், கைவினைஞர் ஓவியராக மாற வழி வைக்கப்படவில்லை. ஜானகிராமும், பணிக்கரின் மகனான நந்தகோபாலும் உலோகத்தில் செய்தவற்றைப் பார்த்தால் இந்தச் சுவரே தேவையில்லாதது என்று தோன்றும். தட்டுவதும் பற்றவைப்பதும் அங்கே அடுப்பெரிக்கிற வேலையாக இல்லை, சிற்பமே அதில்தான் இருக்கிறது. ஆனால் அது அவர்கள் இருவரின் சாதனையாக நின்றதே ஒழிய, ஏற்பாட்டின் கொள்கையாக மாறவில்லை.

பெண்கள் கணக்கும் இதுபோலத்தான். சிற்பி அனிலா ஜேக்கப், ஓவியர் அர்ணவாஸ் என்று ஆரம்பத்திலேயே பெண்கள் உண்டு. பணிக்கரின் மாணவி டி.கே. பத்மினி அசாதாரணமான ஓவியர். 1969இல், முப்பது வயதை எட்டும் முன்பே, பிரசவத்தின்போது இறந்துவிட்டார். அர்ணவாஸ் 1988இல் மறைந்தார். சாவுக்கு எந்த ஏற்பாடும் பொறுப்பல்ல. ஆனாலும் பட்டியலில் பெண் பெயர்களைத் தேடிப் பொறுக்க வேண்டியிருக்கிறது. அன்றைய ஓவியக் கல்லூரியே அப்படித்தான் இருந்தது என்பது காரணம். வாத்தியார் தன் வகுப்பறையிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது வகுப்பறைக்கு வரவே முடியாதவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

இதிலிருந்து பெரிய சிக்கல் ஒன்று கிளைக்கிறது. பணிக்கர் கல்லூரி முதல்வர், கண்காட்சி நடத்தும் சங்கத்தின் மூலவர், இதழுக்குப் பின்னால் இருந்தவர், கைவினைச் சங்கத்துக்கு வழிகாட்டி, கிராமத்தை நிறுவியவர். காட்சிக்கூடங்களை விரல்விட்டு எண்ணும் நிலையில் இருந்த ஒரு நகரத்தில், பரீட்சைத்தாள் திருத்துபவரும் வேலை கொடுப்பவரும் அரங்கில் ஏற்றுபவரும் ஒரே ஆள். அவர் நல்லவராக இருந்தது நம் அதிர்ஷ்டம். ஏற்பாடு என்ற அளவில் இது ஆபத்தானது. அவர் கண்ணில் படாத பையனுக்கு அடுத்த கதவு எங்கே?

நல்ல வேளையாகச் சென்னையில் சில கதவுகள் இருந்தன. சிற்பி எஸ். தனபால் அதில் முக்கியமானவர். கீரனூரிலிருந்து படம் வரையும் ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டு பட்டணம் வந்த கே.எம். ஆதிமூலத்துக்கு வழிகாட்டிக் கல்லூரியில் சேர வைத்தவர் தனபால். எல். முனுசாமியும் ஏ.பி. சந்தானராஜும் கல்லூரியில் ஆசிரியர்களாக இருந்து தலைமுறைகளை உருவாக்கினார்கள். தனபால் கிராமம் எதையும் நிறுவவில்லை, சங்கம் எதையும் தன் பெயரில் விட்டுச் செல்லவில்லை. அவருடைய உதவிக்குச் சின்னம் இல்லாததால் நாம் அதைப் பற்றிக் கட்டுரை எழுதுவதும் குறைவு. இந்தக் கட்டுரையிலும் அவருக்கு ஒரு பத்திதான் கிடைத்திருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆதிமூலத்தைச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே அவர் சிற்றிதழ்களுக்கு அட்டை வரைந்தார், தலைப்பெழுத்து எழுதினார். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு வரைந்த கோட்டுருவங்கள் டீக்கடை பெஞ்சு வரைக்கும் போயின. நவீன ஓவியம் என்றால் என்னவென்று தமிழ் வாசகன் தெரிந்துகொண்டது இந்த வழியில்தான். 'ஆர்ட்ரெண்ட்ஸ்' ஆங்கிலத்தில் வந்தது. சோழமண்டலத்தைப் பற்றிய முக்கியமான விமர்சனங்களும் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டன. ஜோசப் ஜேம்ஸ் போன்ற கூர்மையான விமர்சகர் அந்த ஓவியர்களுக்கு வாய்த்தது பெரிய பேறு. ஆனால் அவர் எழுதியவை தமிழில் படிக்கிறவனுக்கு எட்டவில்லை. வாங்குகிறவர்கள் ஆங்கிலம் பேசினார்கள், ஆகவே பரிந்துரையும் ஆங்கிலம் பேசியது. அதன் விலையை அந்தக் கிராமம் இன்றும் கொடுக்கிறது. அதே ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. பூங்கா வாசலில் அசையாமல் நின்ற சிலை மனிதனைத் தமிழ்நாடே அறியும். அவரைச் சிரிக்க வைக்க மூன்று தலைமுறைப் பிள்ளைகள் முயன்றிருக்கிறார்கள். நிஜமான சிற்பிகள் பக்கத்திலேயே ஒரு கிராமம் கட்டி வாழ்ந்தது அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசிக் குறை, அந்தப் பெரிய நிறையிலிருந்தே பிறக்கிறது. மனைகள் ஓவியர்களுக்கே சொந்தமாக இருந்ததைப் பெரிதாக மதிக்கிறேன் என்று மேலே சொன்னேன். சொந்தமானது வாரிசுக்குப் போகும். பணிக்கர் 1977இல் காலமானார். அவருக்குப் பிறகு கிராமத்தை முன்னின்று நடத்திய நந்தகோபால் 2017இல் மறைந்தார். முதல் தலைமுறையில் பலர் இன்று இல்லை. நிலம் அதே நிலம்தான். சவுக்குத் தோப்பும் மணலுமாகக் கிடந்த இடம் ஈ.சி.ஆர். ஆகிவிட்டது, ஒரு கிரவுண்டு கோடிகளில் பேசப்படுகிறது. ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டு வந்து உட்கார இன்றைய கவின் கலைக் கல்லூரி மாணவனுக்கு அங்கே இடமில்லை. சென்னை இயக்கம் என்று பெயர் பெற்ற இந்த ஓவியர்களின் படங்களுக்கென 2009இல் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். அழகான கட்டடம், போற்ற வேண்டிய சேகரிப்பு. விருந்தினராக வந்து போகலாம், வாடகைக்குக் காட்சிக்கூடம் எடுத்துப் படம் மாட்டலாம். 1966இல் முப்பது நாற்பது பேருக்குக் கிடைத்தது மட்டும் கிடைக்காது.

அப்படியானால் உரிமை கொடுக்காமல் பொதுவிலேயே வைத்திருக்க வேண்டுமா? அப்போது சங்கத் தலைவர் யாரோ அவருக்குக் கும்பிடு போட வேண்டியிருக்கும். கூட்டுறவுச் சங்கங்கள் என்ன கதிக்கு ஆளாகின என்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஒருவேளை, மனைகளில் சிலவற்றையாவது எவர் பெயருக்கும் எழுதாமல், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதியவருக்குக் கைமாறும்படி வைத்திருக்கலாம். இன்று சுகமாக உட்கார்ந்து இதைச் சொல்வது எளிது. மின்சாரம்கூட இல்லாத மணலில் கொட்டகை போட்டவர்களுக்கு, ஐம்பது வருடம் கழித்து வரப்போகிறவனைப் பற்றி யோசிக்க ஏது நேரம்? ஆனால் விற்பனையில் பொதுவுக்கென்று ஒரு பகுதி எடுத்தார்களே, அந்த யோசனை இருந்த இடத்தில் இந்த யோசனையும் முளைத்திருக்க முடியாதா என்ற ஆதங்கம் எனக்குத் தீரவில்லை.

நம் காலத்தில் சோழமண்டலத்துக்கு இணையாகச் சொல்லத்தக்க முயற்சி திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்துடையது. துறை வேறு, காசின் அளவு வேறு. என்றாலும் சாரம் ஒன்று. அவர் மாரி செல்வராஜை வாழ்த்தி அறிக்கை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை, மாரி இயக்கி 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்துக்குத் தயாரிப்பாளராகப் பணம் போட்டார். அதே வருடம் இசைக்கலைஞர் தென்மாவோடு சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவை மேடையேற்றினார். கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில், அவரவர் பெயரோடு, அவரவர் மொழியிலேயே நின்றன. சோழமண்டலம் கோட்டைவிட்ட இரண்டு இடங்கள் இங்கே சரியாகியிருக்கின்றன. கலையை உண்டாக்கியவர்கள் சமையலறைக்குள் மறைக்கப்படவில்லை, பேச்சும் ஊருக்குப் புரிகிற பேச்சு. ஆனால் ஒரே ஆள் ஒரே கதவு என்ற சிக்கல் இங்கேயும் அப்படியே இருக்கிறது. அவர் சோர்ந்தால், கடன்பட்டால், வேறு பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கேரளத்தில் ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் 2012இல் கொச்சி பினாலே என்ற கலைக்காட்சியைத் தொடங்கி, பின்னர் மாணவர்களுக்கென்றே தனியாக ஒரு பினாலேயும் நடக்கும்படி செய்தார்கள். அரசாங்கத்தின் கை அதில் இருக்கிறது, நிதிச் சிக்கல்களும் புகார்களும் கூடவே வருகின்றன. ஆனாலும் அது ஒருவர் தோளை நம்பியில்லை. சென்னையில் 1850இல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது, லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது, பணம் உள்ளவர்களும் பெயர் உள்ளவர்களும் இருக்கிறார்கள். படித்து முடித்த மாணவன் ஒரு வருடம் வாடகைக் கவலை இல்லாமல் வேலை செய்ய ஒரு கொட்டகை கிடைப்பதுதான் அரிதாக இருக்கிறது. டிராயிங் மாஸ்டர், பேனர், விளம்பரம் என்று நான் ஆரம்பத்தில் சொன்ன பட்டியலில் பேனர் மட்டும் பிளெக்ஸ் வந்ததால் போய்விட்டது, அனிமேஷன் வேலை சேர்ந்திருக்கிறது. மற்றபடி பட்டியல் பழையதுதான்.

என் தீர்ப்பு இது. சோழமண்டலம் தன் முதல் தலைமுறைக்கு நூற்றுக்கு எண்பது மதிப்பெண் பெறும், அடுத்த தலைமுறைக்கு முப்பதைத் தாண்டாது. முதல் எண்பதும் வாழ்த்துரையால் வந்ததல்ல, பத்திரப் பதிவால் வந்தது. பெயர் பெற்ற ஓவியர்களும் எழுத்தாளர்களும் இயக்குநர்களும் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அணிந்துரை கேட்டு ஒரு பிள்ளை வந்து நின்றால், பேனாவை எடுப்பதற்கு முன்னால், 'எங்கே தங்கியிருக்கே, வாடகை எவ்வளவு?' என்று கேளுங்கள்.